குழாயின் மேல்பக்கம் ஏன் அரிக்கிறது என்று கேட்ட பெண்

டெல்லி மயூர் விஹாரிலிருந்து ஒரு அம்மா, மேற்படிப்புக்கு யோசனை கேட்டு மகளோடு என்னிடம் வந்திருந்தார். பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், வேதியியலில் கெட்டி. பெரியப்பாவும் மாமாவும் சேர்ந்து கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று முடிவு கட்டிவிட்டார்களாம். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு ஊர் நிலத்தை அடமானம் வைக்க வேண்டும். "பதறாதீங்கம்மா" என்றுதான் ஆரம்பித்தேன். அடமானம் என்றதும் நேராகவே சொல்லிவிட்டேன்: வேண்டாம். யோசனை சொல்கிறவர்கள் வட்டி கட்ட வரமாட்டார்கள்.

அதுவரை வாயே திறக்காத பெண், மொபைலில் ஒரு படம் காட்டினாள். அவர்கள் தெருவில் தோண்டிப் போட்டிருந்த பழைய கான்கிரீட் சாக்கடைக் குழாய். "தண்ணி ஓடுற அடிப்பக்கம் கெட்டியா இருக்கு. மேல்பக்கம்தான் கம்பி தெரியுது. ஏன்?"

அம்மா, இந்தக் கேள்விதான் உங்கள் பெண்ணின் படிப்பு. குழாயின் அடியில் படியும் வழவழப்பில் இருக்கும் பாக்டீரியாக்கள் கழிவுநீரின் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக்குகின்றன. அந்த வாயு மேலே போய் ஈரமான சுவரில் ஒட்ட, அங்கே வேறு பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன. பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் கடுமை) 2-க்குக் கீழேகூட இறங்கும். சிமென்ட் ஜிப்சம் என்ற மென்மையான பொருளாகி, விரலால் வழித்தால் மாவாக வரும். 1945-இல் மெல்போர்னில் பார்க்கர் என்பவர் இந்தப் பாக்டீரியாக்களை அடையாளம் காட்டினார்.

இதைத் தாங்க கால்சியம் அலுமினேட் சிமென்ட் இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் காரத்தோடு சேர்த்துச் செய்யும், சிமென்ட்டுக்கு மாற்றான ஜியோபாலிமர் இருக்கிறது. கலவையை மாற்றி, அதில் வார்த்த கட்டியை அமிலத்தில் ஊறப்போட்டு, வாரா வாரம் எடை பார்க்க வேண்டும். முழுக்க வேதியியல்.

அதனால் குறைந்த கட்டணத்தில் பி.எஸ்சி. வேதியியல் படிக்கட்டும். அப்புறம் ஹரியானாவின் பல்லப்கர். உங்கள் ஊர் மெட்ரோவின் வயலட் லைன் அங்கேதான் முடிகிறது. அங்குள்ள தேசிய சிமென்ட், கட்டுமானப் பொருள் கவுன்சில் சிமென்ட் தொழில்நுட்பத்தில் முதுநிலை டிப்ளமோ நடத்துகிறது. சிமென்ட் ஆலை, ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஆலை, குழாய்த் தொழிற்சாலை, சோதனைக்கூடம் எல்லாவற்றுக்கும் இப்படிப்பட்ட ஆள் வேண்டும். ஆரம்பச் சம்பளம் சாஃப்ட்வேரை விடக் குறைவாக இருக்கலாம். ஆனால் கடன் இல்லை.

"சாக்கடை வேலைன்னு பேசுவாங்களே?" என்றார் அம்மா. பேசட்டும். குழாய் உடையாமல் நின்றால், அதைச் சரிசெய்ய ஒருவர் விஷவாயுவுக்குள் இறங்க வேண்டியதில்லை. இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

சீட்டுக்குப் பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். கட்டாதீர்கள். நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.