கணக்கீடா, தாதியமா? தம்பலகாமத்துத் தங்கச்சிக்கு ஒரு பதில்

தங்கச்சி, உங்கள் குரல் பதிவைக் கேட்டேன். வயது 28. வர்த்தகப் பிரிவில் உயர்தரம், மூன்று பாடமும் சித்தி. டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பில் போடும் வேலை. நாலு வயதில் மகன், கணவர் கட்டாரில். திரும்பப் படிக்க வேண்டும் என்று மனம் வந்திருக்கிறது. ஆனால் கணக்கீட்டுப் பக்கம் போவதா, நர்சிங் பக்கம் போவதா என்று தெரியவில்லை. அம்மா நர்சிங் என்கிறார். கணவர் எது என்றாலும் கெதியாக முடி என்கிறார். கடைசியில் நீங்கள் கேட்டது: "எதுக்கு ஸ்கோப் கூட?"

ஸ்கோப் இரண்டுக்கும் இருக்கிறது. திருகோணமலை பொது வைத்தியசாலை முதல் கிண்ணியா, மூதூர் வரை ஆஸ்பத்திரிகளுக்குத் தாதியர் எப்போதும் வேண்டும். சீனக்குடாப் பக்கத்து மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, உப்புவெளி–நிலாவெளி ஹோட்டல்கள், கொந்தராத்துக்காரர், கூட்டுறவுச் சங்கம் என்று கணக்கு எழுத ஆள் தேடாத இடமும் இல்லை. ஆகவே அந்தக் கேள்வியை வைத்து நீங்கள் முடிவெடுக்க முடியாது. வேறொன்றைக் கேளுங்கள்: படிப்பை நடுவில் நிறுத்த வேண்டி வந்தால், அன்றைக்குக் கையில் என்ன இருக்கும்?

பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் நான் இதைக் கேட்பதில்லை. அவர்களை வீடு தாங்கும். உங்கள் கதை வேறு. மகனுக்கு டெங்கு வரலாம், கணவரின் ஒப்பந்தம் முடியலாம், சனிக்கிழமை லீவு தர மாட்டேன் என்று முதலாளி சொல்லலாம். இதில் ஒன்றாவது நடக்கும் என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும்.

முதலில் நர்சிங்கைப் பார்ப்போம். அரசாங்கத் தாதியர் பயிற்சி மூன்று வருடம், கொடுப்பனவோடு படிப்பு, முடிந்ததும் நியமனம். அம்மாவின் மனதில் இருப்பது இதுதான். ஆனால் அதற்கு விஞ்ஞானப் பாடங்கள் படித்து உயர்தரம் சித்தியடைந்திருக்க வேண்டும். வர்த்தகப் பிரிவுக்கு அந்தக் கதவு திறக்காது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தாதியப் பட்டப்படிப்புக்கும் உயிரியல் பிரிவுதான் வேண்டும்.

தனியார் பரீட்சார்த்தியாக விஞ்ஞானப் பிரிவில் மறுபடி உயர்தரம் எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எழுத யாரும் தடுக்கமாட்டார்கள். பத்து வருடத்துக்கு முன் கணக்கீடும் பொருளியலும் படித்த ஒருவர் பௌதிகத்தை அடியிலிருந்து தொடங்கினால், டியூஷனோடு குறைந்தது இரண்டு வருடம். பிறகு பெறுபேறு வரும்வரை காத்திருப்பு. பிறகு வர்த்தமானி அறிவித்தலுக்குக் காத்திருப்பு. அது எந்த வருடம் வரும், எந்த வருடத்து உயர்தரக்காரரை எடுப்பார்கள் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அறிவித்தலில் வயதெல்லையும் போட்டிருப்பார்கள். அந்த எல்லையை நீங்கள் இப்போதே தொட்டுவிட்டீர்கள். இந்த வழியில் நடுவில் நின்றால் கையில் ஒன்றுமே இராது. இதை நான் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: வேண்டாம்.

அடுத்தது, கம்பத்தில் ஒட்டியிருக்கும் "நர்சிங் டிப்ளோமா" விளம்பரங்கள். உங்கள் தோழி ஒருவர் அதில் சேர்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். அவற்றில் ஒழுங்கானவையும் உண்டு, வெள்ளை யூனிஃபோர்மைக் காட்டிக் காசு வாங்குபவையும் உண்டு. வாசலில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். இந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? சரி, பதிவு உண்டு என்று ஒரு சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அதோடு திரும்பிவிடாதீர்கள். நிறுவனத்தைப் பதிவு செய்வது ஒன்று, நீங்கள் சேரப்போகும் அந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் இருப்பது வேறொன்று. பாடநெறிக்கு அங்கீகாரம் இருந்தால்தான் முடிவில் என்.வி.கியூ. சான்றிதழ், அதாவது தேசிய தொழிற்தகைமை, கிடைக்கும். பாடநெறியின் பெயரைச் சொல்லி, எந்த மட்டம், எந்தத் திகதி வரை அங்கீகாரம் என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம், இதைப் படித்தால் இலங்கைத் தாதியர் பேரவையில் தாதியாகப் பதியலாமா என்று கேளுங்கள். "பிரைவேட் ஆஸ்பத்திரியில் வேலை எடுத்துத் தருவோம் மிஸ்" என்று பேச்சை மாற்றினால், பதிய முடியாது என்பது விளங்கிவிடும்.

இப்படியான இடங்களில் படிக்கக்கூடிய, நோயாளிகளையும் முதியவர்களையும் கவனிக்கும் பராமரிப்பாளர் பயிற்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். என்.வி.கியூ.வோடு படித்தால் அது நேர்மையான தொழில், வெளிநாட்டிலும் கேட்கிறார்கள். ஆனால் அதைப் படித்தால் பராமரிப்பாளர்தான் ஆவீர்கள், தாதி ஆகமாட்டீர்கள். கணவரும் கட்டாரில், நீங்களும் வெளிநாட்டில் என்றால் மகன் யாரோடு?

இப்போது கணக்கீடு. நர்சிங்கில் உங்களை மறித்த அதே உயர்தரப் பெறுபேறு இங்கே கைகொடுக்கிறது.

உங்கள் முன்னால் இரண்டு வழி உண்டு. ஒன்று, திருகோணமலை உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா. நாலு வருடப் படிப்பு, ஆங்கில மொழிமூலம். முழுநேரம் இலவசம், ஆனால் கடை வேலையை விட வேண்டும். பகுதிநேரத்துக்குக் கட்டணம் உண்டு. அடுத்த தொகுதியைப் பகுதிநேரத்தில் எப்போது எடுக்கிறார்கள் என்பதை நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். மதிப்பான டிப்ளோமா, அதில் சந்தேகமில்லை. ஆனால் மூன்றாம் வருடத்தில் நிறுத்தினால் டிப்ளோமா இல்லை.

மற்றது ஏ.ஏ.ரி. இலங்கைக் கணக்கீட்டுத் தொழினுட்பவியலாளர் கழகம் 1987 முதல் இருக்கிறது. பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். மூன்று படியாகப் போகிறது, ஒவ்வொரு படியும் தனித்தனியே உங்கள் பெயரில் நிற்கும். முதல் படியோடு ஒரு வருடம் நிறுத்த வேண்டி வந்தாலும், ஹார்ட்வெயார் கடையில் பில் போட்டவர் என்பதிலிருந்து ஏ.ஏ.ரி. படித்துக்கொண்டிருக்கும் கணக்கு உதவியாளர் என்ற இடத்துக்கு வந்திருப்பீர்கள். முடித்தபின் மனமிருந்தால் பட்டயக் கணக்காளர் பக்கமும் போகலாம். அதில் மூன்று வருடச் செயன்முறைப் பயிற்சி வரும், அதை இப்போது யோசிக்கத் தேவையில்லை.

உங்களுக்கு நான் சொல்வது ஏ.ஏ.ரி. கடை வேலையை விடாமல். கூடவே ஆங்கிலமும், எக்செலும். எக்செல் தெரியாத கணக்கு உதவியாளரை இன்றைக்கு நிலாவெளியில் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ்கூட எடுக்காது.

ஆனால் காசு கட்டுமுன் இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று பாருங்கள். பில் போடுவதும் கணக்கு எழுதுவதும் ஒன்றல்ல. சம்பளப் பட்டியல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய், மேலதிக நேரக் கொடுப்பனவு 6,000 என்று வைப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8 வீதம் கழிக்க வேண்டும். எதில் 8 வீதம்? அவசரக்காரர் 46,000இல் போட்டு 3,680 என்று எழுதுவார். மேலதிக நேரத்துக்குச் சேமலாப நிதி கிடையாது. 40,000இல் 8 வீதம் 3,200, கைக்கு 42,800. முதலாளி தன் பங்காக 12 வீதம், 4,800, சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 1,200, அதுவும் முதலாளியின் காசு, சம்பளத்தில் கை வைக்கக்கூடாது. இப்படி இருபது பேருக்கு, மாதாமாதம், குறித்த நாளுக்குள். 3,680க்கும் 3,200க்கும் இடையில் வந்த அந்த 480 ரூபாய் எங்கே பிழைத்தது என்று இரவு எட்டு மணிக்குத் தேடிக் கண்டுபிடிக்கும்போது உங்களுக்கு ஒரு சந்தோஷம் வருகிறதா, எரிச்சல் வருகிறதா? எரிச்சல்தான் வருகிறது என்றால் என்னிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்போது வேறு பேசுவோம்.

கடையிலேயே இன்னொன்று செய்யலாம். மாத முடிவில் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை, அதாவது கடைக் கணக்கும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் தாளை, யார் தயாரிக்கிறார் என்று பாருங்கள். பக்கத்தில் இருந்து பார்க்கட்டுமா என்று முதலாளியிடம் கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள், சம்பளம் கூட்டிக் கேட்காதவரை.

அப்பாவைப் பற்றிச் சொன்னதற்கு வருகிறேன். பாரிசவாதத்தில் அவர் கிடந்த காலத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்கவைத்து, படுக்கைப் புண் வராமல் பார்த்தது நீங்கள். வார்ட் மிஸ் "நீங்க நர்சா வரவேண்டிய ஆள்" என்று சொன்னதை இன்றுவரை நினைவில் வைத்திருக்கிறீர்கள். நர்சிங் ஆசை அங்கேதான் பிறந்திருக்கிறது. அது உண்மையான ஆசைதான். ஆனால் உங்களைப் பெற்றவருக்குச் செய்ததை, அதிகாலை மூன்று மணிக்கு உங்களைத் தூஷணத்தால் ஏசும் முன்பின் தெரியாத ஒருவருக்கு, அடுத்த கட்டிலில் இன்னொருவர் கூப்பிட்டுக்கொண்டிருக்க, மாதத்தில் பல இரவு செய்ய முடியுமா? முடியும் என்று மனம் உடனே சொன்னால், பராமரிப்பாளர் என்.வி.கியூ.வை ஒரு பக்கத்தில் வைத்திருப்போம். பதில் இழுபட்டால், அது அப்பாவின் மேலிருந்த பாசம். அதற்கு லட்சக்கணக்கில் கட்டணம் கட்டத் தேவையில்லை.

அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. அம்மா, நீங்கள் கேட்பது அரசாங்க வேலை, ஓய்வூதியம், ஊரில் ஒரு மரியாதை. நியாயம்தான். யுத்தமும் சுனாமியும் பார்த்த ஊரில் மாதம் பிறந்தால் வரும் சம்பளத்தின் அருமை யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் மகள் படித்த பாடத்துக்கு அந்த வழி இல்லை. அரசாங்கத்தில் கணக்கு தெரிந்தவருக்கும் வேலைகள் வரும், முகாமைத்துவ உதவியாளர் பரீட்சை போல. வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், வயதெல்லைக்குள் வந்தால் விண்ணப்பிக்கட்டும், அதற்காகப் படிப்பை நிறுத்தி வைக்க வேண்டாம். உங்களிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான். வகுப்பு நாட்களில் பேரப்பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா? இந்தத் திட்டம் ஓடுவதும் நிற்பதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. மனமில்லாமல் ஓம் என்று சொல்லாதீர்கள்.

தங்கச்சி, கணவரோடு பேசும்போது "கெதியாக" என்பதற்கு ஒரு கணக்குக் கொடுங்கள். பதிவுக் கட்டணம், வகுப்புக் கட்டணம், தம்பலகாமத்திலிருந்து பஸ் காசு, புத்தகம் எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குக் கூட்டி ஒரே தாளில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சில் பயமாக இருப்பது தாளில் சின்னதாகத் தெரியும், சில நேரம் மறுவளமாகவும் நடக்கும். இரண்டும் நல்லதுதான்.

உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் இருப்பார். தொழில் வழிகாட்டல் அவருடைய வேலை, காசு கேட்கமாட்டார். மாவட்டத்தில் எந்தப் பயிற்சி எப்போது தொடங்குகிறது என்ற தகவல் அவரிடம் இருக்கும். என்னிடம் வருமுன் அவரையும் ஒருமுறை பாருங்கள்.

வரும்போது உயர்தரப் பெறுபேற்றின் மூலப்பிரதி, சாதாரண தரச் சான்றிதழ், நீங்கள் போட்டுப் பார்த்த சம்பளப் பட்டியல், தோழி சேர்ந்த இடத்தின் துண்டுப்பிரசுரம் நாலையும் கொண்டு வாருங்கள். அம்மாவும் வரட்டும். முதல் அரை மணித்தியாலம் மட்டும் அவர் வெளியே இருந்து பேரனைப் பார்த்துக்கொள்ளட்டும், நாம் தனியாகப் பேசுவோம்.