தூண்டில் கணக்கை வைத்தே ஆற்றிலுள்ள சால்மன்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிட முடியாதா?

தூண்டிலில் பிடிபடும் மீன்களின் கணக்கே போதாதா, பொறிகளும் கருவிகளும் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்காட்லாந்தில் டீ ஆற்றின் அருகே வசிக்கும் நான், சில கோடைகளில் கணக்கெடுப்புக் குழுவினருடன் தன்னார்வலராக ஓடைகளில் இறங்கியவன் என்ற முறையில், போதாது என்றே சொல்வேன்.

ஸ்காட்லாந்தில் தூண்டில் பிடிப்பு 1952 முதல் பதிவாகி வருகிறது. 2023-இல் பதிவான ஏறத்தாழ 32,500 மீன்கள்தாம் அதுவரையில் மிகக் குறைவு. மறு ஆண்டே அது 47,000-ஐ நெருங்கியது. ஓராண்டுக்குள் மீனினம் அந்த அளவுக்குப் பெருகிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. மழை பொய்த்து ஆற்றில் நீர் குறைந்தால், கடலிலிருந்து முட்டையிடத் திரும்பும் சால்மன் மீன்கள் ஆற்றில் மேலேறத் தயங்கும், தூண்டில் போடுவோரும் குறைவார்கள். மேலும், பிடிபடுபவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மீண்டும் ஆற்றிலேயே விடப்படுவதால், ஒரே மீன் இருமுறை கணக்கில் ஏறவும் கூடும்.

ஆகவே சில ஆறுகளில் தடுப்பணையின் மீது மின்முனைகளைப் பதித்து, மீன் கடக்கும்போது மின்தடையில் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு, அது மேலே போகிறதா கீழே வருகிறதா என்பதைக்கூடப் பிரித்துப் பதிவு செய்கிறார்கள்.

நான் நேரில் கண்டது குஞ்சுகளின் கணக்கெடுப்பு. உரிமம் பெற்ற ஒருவர் நீண்ட கோலின் நுனியிலுள்ள உலோக வளையத்தை நீரில் நகர்த்தியபடி மின்சாரம் பாய்ச்ச, கூழாங்கற்களுக்கு அடியில் பதுங்கியிருக்கும் குஞ்சுகள் மயங்கி வளையத்தை நோக்கி வரும். நாங்கள் வலையால் அள்ளி வாளியில் விடுவோம். விரல் நீளமுள்ள அந்தக் குஞ்சின் பக்கவாட்டில், யாரோ மையில் விரல் தோய்த்து வரிசையாக ஒற்றியதைப் போன்ற கருந்தடங்களும் அவற்றினிடையே செம்புள்ளிகளும் இருக்கும். நீளத்தை அளந்து, சிலவற்றிலிருந்து ஓரிரு செதில்களை எடுத்து, மயக்கம் தெளிந்த பின் ஓடையிலேயே விட்டுவிடுவோம். அதே இடத்தில் மூன்று சுற்று பிடிப்பது வழக்கம். எடுத்துக்காட்டாக, 40, 20, 10 என்று கிடைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சியவற்றில் பாதி சிக்குகிறது என்று கொண்டு, தொடக்கத்தில் அங்கே 80 இருந்திருக்கும் என்று கணிக்கலாம். செதிலிலுள்ள வளையங்கள் கோடையில் அகன்றும் குளிர்காலத்தில் நெருங்கியும் அமைவதால் அதன் வயதும் தெரிந்துவிடும்.

ஆனால் என் மதிப்பில் எல்லாவற்றிலும் விலைமதிப்பற்றது, இரு திசைகளிலும் எண்ணும் பொறிதான். பாலட்டர் ஊருக்கு அருகே டீ ஆற்றில் கலக்கும் கிர்னாக் ஓடையில் 1966 முதல் இது நடக்கிறது: கடலுக்குப் புறப்படும் ஸ்மோல்ட் என்னும் இளம் மீன்களை வசந்தத்திலும், முட்டையிடத் திரும்பும் பெரிய மீன்களை இலையுதிர் காலத்திலும் எண்ணுகிறார்கள். ஒரு பகுதிக் குஞ்சுகள் வசந்தத்துக்குக் காத்திராமல் இலையுதிர் காலத்திலேயே ஓடையை விட்டு இறங்கிவிடுகின்றன என்பதையும் அந்தப் பொறி காட்டியது.

இறங்குபவை குறையாமல் திரும்புபவை மட்டும் குறைந்தால் இழப்பு கடலில் என்று அறியலாம். முட்டைகள் மிகுதியாக இருக்கும்போது, இடத்துக்கும் இரைக்கும் போட்டியிட்டுக் குஞ்சுகள் பெருமளவில் மடிவதால், முட்டை சற்றுக் குறைந்தாலும் ஸ்மோல்ட் எண்ணிக்கை அவ்வளவாக மாறாது. ஓர் எல்லைக்குக் கீழே போனால்தான் அதுவும் சரியத் தொடங்கும். 2016 முதல் ஸ்காட்லாந்து ஆறுகளை ஆண்டுதோறும் மூன்று தரங்களாகப் பிரிப்பதும், ஆற்றுக்குக் குறைந்தது எவ்வளவு முட்டைகள் தேவை என்ற இத்தகைய எல்லையை அளவுகோலாகக் கொண்டே. தேவை நிறைவேறும் வாய்ப்பு 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் ஆறு மூன்றாம் தரமாகும், பிடித்த ஒவ்வொரு சால்மனையும் விட்டுவிடுவது அங்கே கட்டாயம்.

கிர்னாக்கில் முட்டையிட வரும் பெண்மீன்கள் தொடக்க ஆண்டுகளைவிட வெகுவாகக் குறைந்துவிட்டன என்பதை நான் வருத்தத்தோடே எழுதுகிறேன். அங்கே ஒரு வசந்தத்தில் பொறியை இயக்காமல் விட்டால், அந்த ஸ்மோல்ட்டுகள் ஓரிரு குளிர்காலங்களைக் கடலில் கழித்துத் திரும்பும்போது, வந்தவற்றை எதனோடு ஒப்பிடுவது என்பதற்கு எந்த எண்ணும் கையில் இருக்காது.