பசுமைக் குடிலில் இருப்பது பட்டன் சிலந்தி இல்லை

வணக்கம் தம்பி. நெதர்லாந்தில் தக்காளிக் குடிலில் வேலைக்குப் போன இடத்தில், முன்னங்காலில் முடிக்கொத்து வைத்த சின்னச் சிலந்திகளைப் பார்த்து, நம் தென்னாப்பிரிக்க நேட்டால் பக்கத்து விஷச் சிலந்தியான பட்டன் சிலந்தி அங்கேயும் வந்துவிட்டதோ என்று பயந்து கேட்டிருக்கிறீர்கள். அந்த முடிக்கொத்தை வைத்தே சொல்லலாம், அது யூலோபோரஸ் புளூமிபெஸ். ஆப்பிரிக்காவிலும் உள்ள இனம்தான், ஆக நீங்கள் நினைத்ததில் பாதி சரி. ஐரோப்பாவில் சூடேற்றிய குடில்களுக்குள் நன்றாகக் குடியேறிவிட்டது. வெளியே உறைபனியில் தாங்காது. இந்தச் சிலந்திக் குடும்பத்துக்கு விஷச் சுரப்பியே கிடையாது, இரையை நூலால் சுற்றிச் சுற்றியே மடக்கும். பயிரைக் கெடுக்கும் வெள்ளை ஈயையும் தின்னும், அதனால் மருந்து அடிக்க வேண்டாம்.

இன்னும் சந்தேகம் என்றால் முட்டைப் பையைப் பாருங்கள். இதனுடையது காய்ந்த இலைத் துண்டு போல, கோணல் மாணலாக இருக்கும். எங்கள் டர்பன் வீட்டு கராஜில் பழைய நாற்காலிக்கு அடியில் குடியிருக்கும் பழுப்புப் பட்டன் சிலந்தியின் பையோ உருண்டையாக, மேலெல்லாம் முள் முள்ளாக இருக்கும், சிலந்தியின் வயிற்றுக்கு அடியில் ஆரஞ்சு நிற மணற்கடிகாரக் குறியும் தெரியும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் மட்டும் கை வைக்காமல் சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், வலை முகத்தில் ஒட்டுகிறது என்றீர்களே, அதற்குத் தொப்பிதான்.