அண்ணனின் லாட்டரிச் சீட்டை நிறுத்துவது எப்படி?

கேள்வி: என் அண்ணன் மூட்டை தூக்கும் வேலை செய்கிறார். கூலியில் ஒரு பங்கு லாட்டரிக்கே போய்விடுகிறது. கணக்குத் தெரியாதவர் இல்லை. எடுத்துச் சொன்னால், "எனக்கு வேற என்ன வழி இருக்கு?" என்கிறார். என்ன செய்வது?

பதில்: அண்ணன் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இல்லாமல் அவரிடம் கணக்குப் பேசிப் பயனில்லை. 49 எண்களில் 6 எண்களைச் சரியாகச் சொல்லும் ஆட்டத்தில் முதல் பரிசுக்கான வாய்ப்பு ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சத்தில் ஒன்று. சொன்னால், "யாருக்கோ விழுதுல்ல?" என்பார். கடனை அடைக்கவும் வீடு கட்டவும் மொத்தமாகப் பணம் வேண்டும். கூலியில் மிச்சம் பிடித்து அந்தத் தொகையைச் சேர்க்க ஆயுசு போதாது என்று அவருக்குத் தெரியும். 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தங்கள் வருமானம் குறைவு என்று உணரவைக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகச் சீட்டு வாங்கினார்கள். ஆகவே மட்டம் தட்டிப் பேசாதீர்கள்.

சீட்டைவிட அதைச் சுற்றித் திரியும் ஆட்கள்தான் ஆபத்து. அடுத்து விழும் எண்ணைக் கணித்துத் தருவதாகக் காசு கேட்பவர், தெரிந்தால் தானே வாங்கியிருக்க மாட்டாரா? போன வாரம் வராத எண் இந்த வாரம் வந்தே தீரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கடனுக்குச் சீட்டு தரும் ஏஜென்டை வாசலோடு அனுப்புங்கள். வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்ததாகச் சொல்லி, வரிக்கு முன்பணம் கட்டச் சொன்னால் அது மோசடியேதான்.

பரிசை நம்பிப் பணம் போடுவதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: பரிசு சேர்ந்த சேமிப்பு. பிரிட்டன் அரசு 1956இல் தொடங்கிய பிரீமியம் பாண்ட் என்ற சேமிப்புப் பத்திரத்தில் வட்டி கிடையாது; வட்டிக்கு ஒதுக்கும் பணமே குலுக்கலில் பரிசாகிறது. போட்ட முதல் அப்படியே இருக்கும், வேண்டும்போது எடுக்கலாம். விலைவாசி ஏறினால் அதன் மதிப்பு குறையும், அது வேறு. ஆனால் முதல் திரும்ப வரவேண்டும், அதற்கு அரசே பொறுப்பேற்க வேண்டும், இரண்டும் இருந்தால்தான் அதில் பணம் போடலாம். தனியார் யாராவது "சேமித்தால் பரிசு" என்று வந்தால் அது இதல்ல. எத்தனை முறை சொன்னாலும் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

பல நாடுகளில் லாட்டரியை நடத்துவதே அரசு. சிறு தொகை சேமிக்க வருகிறவரை வங்கி மதிப்பதில்லை. சீட்டு மட்டும் காலடியில் வந்து கிடைக்கும். அப்புறம் ஏழைக்குப் புத்தியில்லை என்று உபதேசம்!

சரி, அண்ணனுக்கு வருவோம். கூலி வாங்கும் நாளிலேயே சீட்டுப் பணத்தில் பாதியை, அதிக வட்டி ஓடும் கடனுக்குக் கட்டச் சொல்லுங்கள். ஒரு சீட்டு இருந்துவிட்டுப் போகட்டும். கடன் வாங்கி, வீட்டுக்கு மறைத்துச் சீட்டு வாங்குகிறார் என்றால் மட்டும் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.