குழாய்த் தண்ணீர் நின்றால் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

தாமிரபரணித் தண்ணீர் நான்கு நாள் வராவிட்டால் திருநெல்வேலிப் பக்கம் எல்லோரும் கேட்கிற கேள்விதான் இது. கிருமிக்குக் கொதி போதும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே செத்துவிடும். ஆனால் உப்பு, புளூரைடு, நைட்ரேட் எதுவும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். கக்கூஸ் குழியோ மாட்டுத் தொழுவமோ பக்கத்தில் இருந்தால் நைட்ரேட் ஏறியிருக்கும். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைக்கவே கூடாது. உடம்பு நீலம் பாரித்துவிடும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதில்தான் பலர் தவறுகிறார்கள். கணக்கு, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். 2 மீட்டர் அகலமுள்ள வட்டக் கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 9,400 லிட்டர். 24 கிராம் வேண்டும். அப்படியே தூவாதீர்கள். வாளியில் களிபோல் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றிக் கயிற்றில் இறக்கி, தண்ணீருக்கடியில் மேலும் கீழும் இழுத்து அலசுங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பு கிணற்றுக்குள் போனால் தண்ணீர் கடின நீராகிவிடும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்க வேண்டும்.

திறந்து கிடந்த பழைய பவுடரில் குளோரின் பறந்திருக்கும். நெடி இல்லையென்றால் வெறும் சுண்ணாம்புதான். 2023 டிசம்பர் வெள்ளம்போலக் கலங்கல் புகுந்த கிணறானால் முதலில் இறைத்துக் கொட்டுங்கள். சேறு குளோரினைத் தின்றுவிடும்.