ஃபர்னஸ் ஆபரேட்டர் வேலைக்கு மகனை அனுப்பலாமா?

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். திருவொற்றியூரிலிருந்து தாங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கெமிக்கல் பிளான்ட் ஆபரேட்டர் பிரிவில் ஈராண்டு ஐடிஐ படிப்பை முடித்த தங்கள் மகனுக்கு மணலி ஆலை ஒன்றின் ஃபர்னஸ் பகுதியில் பயிற்சி வேலை கிடைத்திருக்கிறது. பெற்ற பிள்ளையை நெருப்புக்குப் பக்கத்தில் நிறுத்துவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆலோசனைப் பணிக்கு வருமுன் இதே வேலையில் சில ஆண்டுகள் ஷிப்ட் பார்த்தவன் என்ற முறையில், தெரிந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் ஃபர்னஸ் என்பது, உட்புறம் வெப்பம் தாங்கும் பூச்சுப் பூசிய ஒரு பெரிய எஃகு அறை. அதன் சுவரையொட்டி வரிசையாகக் குழாய்கள் செல்லும். குழாய்க்குள் எண்ணெய் ஓட, வெளியே பர்னர்கள் எரியும். கச்சா எண்ணெய் இவ்வாறு ஏறக்குறைய 350 டிகிரி வரை சூடேறிய பிறகே பிரித்தெடுக்கும் கோபுரத்துக்குள் நுழைகிறது. ஆபரேட்டர் அந்த நெருப்பைத் தொடுவதில்லை. சிறிய பார்வைத் துளையின் மூடியை விலக்கி, முகக்கவசத்தோடு சற்றுப் பக்கவாட்டில் நின்று, சுடர் குழாயை நக்குகிறதா, குழாயில் எங்கேனும் ஒரு திட்டு மட்டும் செக்கச்செவேலென்று தெரிகிறதா என்று பார்க்கிறார். அப்படி ஒரு திட்டுத் தெரிந்தால், குழாயின் உட்புறத்தில் கரி படிந்து, சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ள முடியாமல் உலோகமே காய்கிறது என்று பெரும்பாலும் பொருள். அதைக் கவனிக்காமல் விட்டால் குழாய் வெடிக்கும்.

ஆனால் இந்த வேலையில் எனக்கு மிகுந்த அச்சம் தருவது, எரியாமல் அறைக்குள் தேங்கி நிற்கும் எரிவாயுதான். சுடர் அணைந்த பிறகும் எரிவாயு சிறிது கசிந்திருந்தால், அடுத்த முறை பற்றவைக்கும்போது அறை முழுவதும் ஒரே நொடியில் எரிந்து சுவரையே தள்ளிவிடும். அதனால்தான் மறுபடி பற்றவைக்குமுன் உள்ளிருப்பதை வெளியேற்றும் 'பர்ஜ்' என்ற முறை இருக்கிறது. தொழிற்சாலை உலைகளில் அறையின் கொள்ளளவைப்போல் குறைந்தது நான்கு மடங்கு காற்றைச் செலுத்த வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. சில ஃபர்னஸ்களில் இதற்கு நீராவியும் பயன்படுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நைட் ஷிப்டில் ஃபர்னஸ் டிரிப் ஆனது, அதாவது தானாகவே அணைந்து நின்றது. உற்பத்தி நின்றுவிட்டதே என்று கண்ட்ரோல் ரூமிலிருந்து ஓயாமல் அழைப்பு வந்தது. பர்ஜ் முடிய இன்னும் சில நிமிடங்கள் இருக்கும்போதே நான் பர்னரைப் பற்றவைக்கும் சிறு சுடருக்கான பைலட் வால்வின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். அருகில் நின்ற மூத்த ஆபரேட்டர் என் மணிக்கட்டைப் பிடித்து, "சிம்னி மூச்சு விடட்டும், தம்பி" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பர்ஜ் நேரம் முழுவதும் முடிந்த பிறகே கையை விட்டார்.

அவரிடம் நான் கற்ற இன்னொரு ஒழுங்கு, சூட்டைக் கூட்டும்போது முதலில் காற்று, பிறகு எரிபொருள். குறைக்கும்போது முதலில் எரிபொருள், பிறகு காற்று என்பது. சிம்னியில் கரும்புகை வந்தால், காற்று போதவில்லை என்று எண்ணிப் புதியவர் உடனே காற்றை முழுவதும் திறக்கப் பார்ப்பார். அது பேராபத்து; எரியாத வாயு நிறைந்த அறைக்குள் திடீரென்று காற்று புகுந்தால் அதுவே வெடிப்பாகிவிடும். எரிபொருளை மெல்லக் குறைத்து, சுடர் தெளிந்த பிறகே காற்றைச் சரிசெய்ய வேண்டும்.

எரிபொருளை மிச்சப்படுத்துவதும் இதே கவனத்தின் மறுபக்கம்தான். வாயுவால் எரியும் ஃபர்னஸில் புகையிலுள்ள ஆக்சிஜன் இரண்டு, மூன்று சதவீத அளவில் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் வீண் காற்றைச் சூடாக்கிச் சிம்னி வழியே அனுப்புகிறோம். மிகவும் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். புகையின் வெப்பம் ஏறக்குறைய 20 டிகிரி குறைந்தால் எரிபொருளில் ஒரு சதவீதம் மிச்சமாகும் என்பது இத்துறையினர் கைக்கணக்கு. காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தகடான டேம்பரை நிதானமாகத் திருப்பத் தெரிந்த ஒருவர் ஆண்டு முழுவதும் மிச்சப்படுத்தும் தொகை, அவருடைய ஊதியத்தைவிடப் பன்மடங்கு அதிகம் என்பது என் அனுபவம். நல்ல ஆபரேட்டரை ஆலைகள் எளிதில் இழக்க விரும்பாததற்கு இது முக்கியக் காரணம்.

மகன் நேரில் போகும்போது மூன்று விஷயங்களைக் கேட்டுவரட்டும். சுடர் அணைந்தால் எரிபொருளைத் தானே நிறுத்தும் இன்டர்லாக் வேலை செய்கிறதா, அதைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், அதை பைபாஸ் செய்ய, அதாவது செயல்படாமல் தவிர்த்துவைக்க, யாருடைய கையெழுத்து வேண்டும் என்பவை அவை. இவற்றுக்குத் தெளிவான பதில் தராத இடத்தில், ஊதியம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும், சேர வேண்டாம் என்றே சொல்வேன். வேலை நிறுவனத்தின் நேரடிப் பட்டியலிலா, ஒப்பந்ததாரர் வழியாகவா என்பதையும், இஎஸ்ஐ, பிஎஃப் எண்கள் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

பிள்ளையின் சுபாவத்தைப் பற்றித் தாங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். அவசரக்காரனா, யாராவது சத்தம் போட்டால் பதறிச் செய்துவிடுபவனா? அப்படியானால் பேக்கிங், ஸ்டோர்ஸ் போன்ற பிரிவுகள் அவனுக்குப் பொருந்தும். ஒன்றைச் சரிபார்த்த பிறகும் இன்னொரு முறை பார்ப்பவன் என்றால் தயங்காமல் அனுப்புங்கள். பீல்டு ஆபரேட்டராகச் சில ஆண்டுகள் இருந்து கண்ட்ரோல் ரூம் பேனலுக்கும், பிறகு ஷிப்ட் பொறுப்புக்கும் உயரலாம். ஈராண்டு ஐடிஐ முடித்திருப்பதால் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியும் அவனுக்கு உண்டு. கொதிகலன் அட்டெண்டன்ட் தேர்வுக்குத் தகுதியும் அனுபவமும் சேர்ந்ததும் அந்தச் சான்றிதழையும் வாங்கிவிடட்டும். மற்ற ஆலைகளிலும் அதற்கு மதிப்புண்டு. டிப்ளமோவும் அனுபவமும் சேர்ந்த பிறகு, தரமணியிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தின் தொழிற்சாலைப் பாதுகாப்புப் படிப்பையும் யோசிக்கலாம்.

கத்திரி வெயிலில் ஃபர்னஸ் பக்கம் நிற்பது உடம்பைப் பிழிந்துவிடும். மோரும் உப்பிட்ட தண்ணீரும் கையோடு இருக்கட்டும். உள்ளாடை உட்பட எல்லாம் பருத்தியாக இருக்கட்டும், ஏனெனில் பாலியஸ்டர் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கையெழுத்திடுமுன் நியமனக் கடிதத்தின் நகலோடு அவனை ஒரு முறை என்னிடம் அனுப்பிவையுங்கள்.