கடற்கரைக்குக் காசு இல்லை, வழிகாட்டிக்குத்தான்: குவாதலூப் பயணம் பற்றிய கேள்வி-பதில்

கரீபியன் தீவான குவாதலூப்புக்குச் சுற்றுலா போவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

நாங்கள் பாரிஸ் பக்கத்தில் செர்ஜியில் இருக்கிறோம். நான், கணவர், 12 வயது மகன், ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அம்மா. பிப்ரவரி விடுமுறைக்குக் குவாதலூப் போக இரண்டு ஏஜென்சிகளிடம் விலை கேட்டோம். இரண்டும் 8 நாள், ‘வழிகாட்டியுடன் கலாச்சாரச் சுற்றுலா, கடற்கரை ஓய்வு’. விமானம், ஹோட்டல், காலை உணவு இரண்டிலும் உண்டு. ஒன்று ஆளுக்கு 1,590 யூரோ, இன்னொன்று 1,940. அந்த 350 யூரோ எதற்கு? இரண்டு பயணத் திட்டங்களையும் இணைத்திருக்கிறேன்.

இரண்டையும் படித்தேன். 8 நாளில் போகிற நாளும் வருகிற நாளும் விமானத்துக்கே சரி. பாரிஸிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், திரும்புவது ராத்திரிப் பயணம். மிச்சம் ஆறு நாள். இந்த ஆறில் எத்தனை நாள் ஒரு ஆள் உங்களோடு வந்து பேசப்போகிறார் என்று எண்ணிப் பாருங்கள். 1,590 யூரோ திட்டத்தில் ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்குள் கார்பே அருவி, ரம் ஆலை, கோயில், பாஸ்-தேர் நகரம், மசாலாச் சந்தை எல்லாவற்றையும் அடைத்திருக்கிறார்கள். மற்ற ஐந்து நாளும் ‘கடற்கரையில் ஓய்வு’.

அந்த ஓய்வு நாள்களில் ஹோட்டல் அறையைத் தவிர அவர்கள் உங்களுக்குத் தருவது எதுவும் இல்லை. குவாதலூப் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம், பிரெஞ்சுச் சட்டம்தான் அங்கேயும். கடலோரம் பொதுச் சொத்து, கடற்கரையில் நடக்கவும் குளிக்கவும் யாருக்கும் கட்டணம் கிடையாது. ‘தனிக் கடற்கரை அனுமதி சேர்த்து’ என்று அந்தத் திட்டத்தில் ஒரு வரி இருக்கிறதே, அதற்குப் பொருள் சாய்வு நாற்காலியும் குடையும்தான். சேந்த்-ஆன் ஊர்க் கடற்கரையில் உள்ளூர்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை சோற்றுப் பானையோடு வந்து உட்காரும் அதே மணலில்தான் நீங்களும் உட்காரப் போகிறீர்கள். அதற்கு ஏஜென்சி தேவையில்லை.

1,940 யூரோ திட்டத்தில் வழிகாட்டியோடு மூன்று நாள் இருக்கிறது. அதில் முதல் நாள் புவாந்த்-ஆ-பித்ர் நகரமும் மெமோரியல் ஆக்ட் அருங்காட்சியகமும். தார்புசியே என்ற பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில், 2015 மே மாதம் திறக்கப்பட்ட அடிமை வணிக நினைவகம் அது. உங்கள் மகன் வயதுப் பிள்ளைக்கு அதை அரை மணி நேரத்தில் காட்டிவிட்டு வருவது பாவம். அரை நாளாவது வேண்டும், விளக்க ஒரு ஆளும் வேண்டும். ஏனென்றால் இந்தத் தீவின் கதை நேர்கோட்டில் போகவில்லை. 1794-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு அடிமை முறையை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவரப் படை அனுப்பினார். லூயி தெல்கிரேஸ் என்ற படை அதிகாரி எதிர்த்து நின்றார். மத்தூபா மலைச்சரிவில் சுற்றி வளைக்கப்பட்டபோது, சரணடையாமல் தோழர்களோடு வெடிமருந்துக்குத் தீ வைத்து உயிரை விட்டார். 1848-இல்தான் நிரந்தரமாக விடுதலை வந்தது. பாஸ்-தேரில் இருக்கும் கோட்டைக்கு இன்று தெல்கிரேஸின் பெயர். இது தெரியாமல் அந்தக் கோட்டைக்குப் போனால் வெறும் கருங்கல் மதில்தான் கண்ணில் படும்.

அப்புறம் கோயில். காபேஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊரில் சாலையோரமாகவே ஷாங்கி கோயில் இருக்கிறது. வண்ணச் சிலைகள் நிறைந்த அம்மன் கோயில். அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய பிரெஞ்சுக்காரர்கள், 1854 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ‘ஒரேலி’ என்ற கப்பலில் முதல் இந்தியக் கூலிகளை இங்கே இறக்கினார்கள். 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் வந்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறிய தமிழர்கள் அவர்களில் ஏராளம். பேச்சுமொழி கிரியோல் என்ற பிரெஞ்சு கலந்த உள்ளூர் மொழி ஆகிவிட்டது, ஆனால் மாரியம்மனும் மதுரை வீரனும் இன்னும் இருக்கிறார்கள். இந்த ஊரைச் சேர்ந்த ஹென்றி சிதம்பரம் என்பவர், இந்திய வம்சாவளியினருக்கும் ஓட்டுரிமை உண்டு என்று 1904-இல் தொடங்கி 1923 வரை வழக்காடினார். குறைந்த விலைத் திட்டத்தில் இந்தக் கோயிலுக்கு ஒதுக்கியிருப்பது 20 நிமிடம், ‘புகைப்பட நிறுத்தம்’ என்ற பெயரில். உங்கள் அம்மா அங்கே உட்கார்ந்து பார்க்க நினைப்பார். இறங்கி ஏறவே அந்த 20 நிமிடம் போய்விடும். இன்னொரு திட்டத்தில் இரண்டு மணி நேரம், கோயில்காரர் ஒருவரோடு பேச்சு என்று எழுதியிருக்கிறது. அந்தச் சந்திப்பு உறுதி செய்யப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். விழா நாளாக இருந்தால் ஆடு பலி கொடுப்பதும் உண்டு, அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கடற்கரையை இந்தத் திட்டம் கைவிட்டுவிடவும் இல்லை. மேற்குக் கரையில் மலாந்தூர், தேஹே ஆகிய இரண்டு கடற்கரைகளுக்கும் வழிகாட்டி நாள்களின் சாயங்காலங்களில் கூட்டிப் போகிறார்கள். தனியாகவும் மூன்று நாள் இருக்கிறது. அதனால் 350 யூரோ எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயங்களை மட்டும் கேட்டு வாங்குங்கள். வழிகாட்டியிடம் பிரெஞ்சு அரசு தரும் ‘கீத் கோன்ஃபெரான்சியே’ தொழில் அட்டை இருக்கிறதா? அருங்காட்சியகத்துக்குள்ளும் நினைவுச் சின்னங்களிலும் சுற்றுலா நிறுவனம் அமர்த்தும் வழிகாட்டிக்கு அது வேண்டும். இரண்டாவது, குழுவில் எத்தனை பேர்? அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது என்றால் நீங்கள்தான் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். 50 பேர் பஸ்ஸில் அது நடக்காது, 10 பேர் வண்டியில் நடக்கும்.

பிப்ரவரி மழை குறைந்த காலம், நல்ல தேர்வு. ஆனால் கார்னிவல் என்ற ஊர்வலத் திருவிழா சாம்பல் புதன் வரை நடக்கும். அதன் கடைசி நாள்களில் சாலைகளை மூடுவார்கள், பல இடங்கள் திறக்காது. உங்கள் மெமோரியல் நாள் அந்த நாள்களில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர்வலத்தைப் பார்க்க ஒரு மாலை ஒதுக்க முடிந்தால் ஒதுக்குங்கள்.

சென்னையிலிருந்து குவாதலூப் போகிறோம். பிரெஞ்சு ஷெங்கன் விசா கைவசம் இருக்கிறது. பிரான்சின் மாவட்டம்தானே, அதுவே போதும் என்கிறார் ஏஜென்ட். சரியா?

அதை நம்பிக் கிளம்பாதீர்கள். குவாதலூப் பிரான்சைச் சேர்ந்தது, ஆனால் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்குள், வராது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாகக் கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிக்கான விசா தனி. அதையும் பிரெஞ்சு விசா மையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும், செல்லும் இடம் குவாதலூப் என்று குறிப்பிட்டு. உங்கள் ஷெங்கன் விசாவும் வீணில்லை. இந்தியாவிலிருந்து விமானம் பாரிஸின் ஷார்ல் தெ கோல் நிலையத்தில் இறங்கும், குவாதலூப் விமானங்கள் பல அங்கே இன்னொரு நிலையமான ஓர்லியிலிருந்து கிளம்பும். நிலையம் மாற வெளியே வந்தாலே ஷெங்கனுக்குள் நுழைந்த கணக்கு. திரும்பும்போது இன்னொரு முறை நுழைவீர்கள். ஆகவே ஒற்றை நுழைவு விசாவாக இருந்தால் திரும்பி வரும்போது சிக்கல். உங்கள் விசாவில் நுழைவு எண்ணிக்கை என்ன போட்டிருக்கிறது என்று இன்றே பாருங்கள். எந்த விசா தேவை, எது தேவையில்லை என்பதை ஏஜென்ட் எழுத்தில் தரட்டும். வாய்ச்சொல் பின்னால் எந்த நுகர்வோர் ஆணையத்திலும் நிற்காது.

பாக்கேஜ் விலையோடு டிசிஎஸ் என்று, விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரியாக, ஒரு தொகையும் பிடிப்பார்கள். அது உங்கள் பான் கணக்கில் ஏறும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால் ஏஜென்ட் எழுதிய சதவீதத்தைச் சரிபார்த்துவிட்டுக் கட்டுங்கள். விலை ஒப்பிடும்போது டிசிஎஸ் சேர்த்த விலையையும் சேர்க்காத விலையையும் பக்கத்தில் வைத்துக் குழம்ப வேண்டாம்.

மே மாதம் போனால் விலை மிகவும் குறைவு என்கிறார்கள். ஆனால் கடலில் பழுப்புப் பாசி ஒதுங்கி நாறும் என்று கேள்விப்பட்டேன். அப்படி ஆனால் பணம் திரும்பக் கிடைக்குமா? (லியோனிலிருந்து ஒரு வாசகர்)

அந்தப் பாசிக்கு சர்காசம் என்று பெயர். 2011 முதல் கரீபியன் கரைகளில் பெருமளவில் ஒதுங்குகிறது. வசந்தமும் கோடையும்தான் மோசம். அழுகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும், முட்டை நாற்றம் என்பார்களே அது. ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்தில் போகவே கூடாது. அட்லாண்டிக் பக்கமும் தெற்கும் பார்த்த கரைகளில் இது அதிகம். மேற்கே தேஹே, பூயாந்த் பக்கம் பெரும்பாலும் தப்பிக்கும். மே மாதத்தில்தான் போக முடியும் என்றால் ஹோட்டல் மேற்குக் கரையில் இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

பணம் பற்றிக் கேட்டீர்கள். பாக்கேஜாக வாங்கியிருந்தால், ஒப்பந்தத்தில் சொன்னது கிடைக்காதபோது விலைக் குறைப்புக் கேட்க உரிமை உண்டு. தவறு ஏஜென்சியுடையதாக இல்லாவிட்டாலும் உண்டு. 2020 மார்ச்சில் கோவிடால் கிரான் கனாரியா தீவில் கடற்கரைகளை மூடிவிட்டார்கள். அப்போது அங்கே மாட்டிக்கொண்ட ஜெர்மன் பயணிகளின் வழக்கில், 2023 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் எவ்வளவு குறைப்பு என்பது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ‘ஹோட்டலை ஒட்டிய குளிக்கத்தக்க கடற்கரை’ என்று எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கும். விளம்பரப் படத்தையும் சேமித்து வையுங்கள். விமானம் ஒரு இடத்தில், ஹோட்டல் இன்னொரு இடத்தில் என்று நீங்களே தனித்தனியாக வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

அங்கே போனதும் இன்னொன்றையும் கவனியுங்கள். கடற்கரையில் சிவப்புப் பட்டை தீட்டிய மரம் தெரிந்தால் அதன் அடியில் உட்காராதீர்கள். மான்செனியே என்ற நச்சு மரம் அது. பால் பட்டால் தோல் வெந்துவிடும், மழைத்துளி இலை வழியாகச் சொட்டினாலும் அப்படித்தான். பழம் குட்டி ஆப்பிள் போல இருக்கும், குழந்தைகள் எடுத்துக் கடித்துவிடக் கூடாது.

இணையத்தில் குவாதலூப் பாக்கேஜ் வாங்கிவிட்டேன். 14 நாளுக்குள் ரத்து செய்யலாம்தானே? (பாரிஸ் வாசகர்)

முடியாது. இணையத்தில் வாங்கும் பொருளுக்கு உள்ள அந்த 14 நாள் உரிமை பயணப் பாக்கேஜுக்குப் பொருந்தாது. ரத்து செய்தால் ஒப்பந்தத்தில் சொன்ன கட்டணம் உண்டு. ஆனால் புறப்படுவதற்கு 7 நாள் முன்புவரை இன்னொருவர் பெயருக்கு மாற்றித் தரலாம், பெயர் மாற்றும் நியாயமான செலவு மட்டும் கட்ட வேண்டியிருக்கும். அவர்களே விலையை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் கட்டணமின்றி விலகலாம். புயல் போன்றவற்றால் அங்கே போகவே முடியாத நிலை வந்தாலும் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், நினைவில் இருக்கட்டும்.

கோயம்புத்தூர் ஏஜென்சி ஒன்றில் வாங்கிப் போய்வந்தோம். திட்டத்தில் இருந்த அருங்காட்சியகமும் கோட்டையும் ‘நேரமில்லை’ என்று கைவிடப்பட்டன. அதற்குப் பதில் ரம் கடையிலும் துணிக்கடையிலும் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். கேட்டால், அங்கே இருக்கும் உள்ளூர் நிறுவனத்தைக் கேளுங்கள் என்கிறார்கள்.

நீங்கள் பணம் கட்டியது யாரிடம்? ரசீது யார் பெயரில்? அவர்தான் பொறுப்பு. உள்ளூர் நிறுவனம் அவர் அமர்த்திய ஆள், அவர்களுக்குள் கணக்கு என்னவோ அது உங்கள் பிரச்சினை இல்லை. கடை நிறுத்தங்களில் வழிகாட்டிக்குக் கமிஷன் கிடைப்பது உலகம் முழுக்க நடக்கிற வழக்கம். பார்க்க வேண்டிய இடத்தின் நேரத்தை எடுத்து அதற்குக் கொடுத்தால் அது சேவைக் குறைபாடு.

முதலில் ஏஜென்சிக்கு எழுத்தில் அனுப்புங்கள். எந்த நாள், எந்த இடம் விட்டுப்போனது, அந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் போன் புகைப்படங்களில் நேரமும் இடமும் பதிந்திருக்கும், அதுவே நல்ல சாட்சி. கூட வந்த மற்றவர்களும் கையெழுத்துப் போட்டால் வலு கூடும். கேட்கும் தொகையைக் குறிப்பிடுங்கள், 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். அதிலும் தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் வழக்கு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இ-ஜாக்ருதி தளம் வழியாக வீட்டிலிருந்தும் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பயணத் திட்டத்தின் அச்சுப் பிரதியைத் தொலைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பிய பிடிஎஃப் இருக்கும், அதைத் தேடி எடுத்த பிறகு கடிதம் எழுதுங்கள்.